காத்து தின்ற மூட்டை

வீடு நல்லாத்தான் கட்டியிருக்கே மாப்ள. கொறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. வாசல்ல கிரானைட்டு, உள்ள மூஞ்சி தெரியற டைல்ஸு, கதவுல ரெண்டு யானை, ஒரு மயிலு. குடி புகுந்த அன்னிக்கு வந்த சனமெல்லாம் அந்த யானையோட தும்பிக்கையைத் தடவிப் பாத்துட்டு, கேசரியைச் சாப்பிட்டுட்டு, மொய் எழுதிட்டுப் போயிருச்சு. நான் ஒருத்தன்தான் மாடிப்படிக்கு அடியில குனிஞ்சு பாத்தவன். இந்த வயசுல குனிஞ்சா நிமிரறது கஷ்டம். இருந்தாலும் வீட்டுக்காரன் சாமர்த்தியம் அங்கதானே தெரியும்.

என்னா ஏற்பாடுய்யா அது! மிச்சப்பட்ட டைல்ஸுப் பெட்டியைப் பீரோ இருக்கற ரூம்ல, ஃபேனுக்கு நேர் கீழ வெச்சு, மேல என் தங்கச்சியோட பழைய சுங்குடிச் சேலையைப் போத்தியிருக்கே. குளிருமோன்னு பயம்போல. குழாய்த் திருகு, ஷவரு, கைப்பிடி எல்லாம் பேப்பர் சுத்தி அலமாரியில. அஞ்சு சிமெண்டு மூட்டை மட்டும் மாடிப்படிக்கு அடியில, பாத்ரூம் சுவத்துல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு வெறுந்தரையில உக்காந்திருக்கு. அதுக்கு மேல ஒரு கோரைப்பாய். ஆத்தோரத்துல சேத்துல நின்னே வளர்ந்த கோரையை, ஈரம் படாம இருக்கறதுக்குப் போத்தியிருக்கே பாரு, அந்த மூளைக்கே உன்னை முசிறியில ஏதாச்சும் பாய்க்கடைக்கு மேனேஜராப் போடலாம்.

வெல ஒசந்ததை உள்ள வெச்சே, வெல கம்மியானதை ஓரந்தள்ளினே. கணக்கு சரிதான். ஆனா ஈரத்துக்கு வெல தெரியாதே மாப்ள. பில்லை வாங்கிப் பாத்துட்டா அது உள்ள வருது?

உன் வெட்ரிஃபைடு டைல்ஸு இருக்கே, நூறு கிலோவை ஊறப் போட்டாலும் அது குடிக்கிற தண்ணி அரை கிலோவைத் தாண்டக்கூடாது. அதுதான் அந்தச் சரக்குக்கு வெச்சிருக்கற அளவே. வாழைத்தோட்டத்துல கெடந்தாக்கூட அதுக்கு ஒண்ணும் வராது, அட்டைப்பெட்டிதான் நைஞ்சு போகும். பெட்டி மேல ஷேடு நம்பரு, பேட்சு நம்பருன்னு அடிச்சிருப்பான். அதைப் போன்ல படம் புடிச்சு வெய்யி. நாளைக்கு ஒண்ணு உடைஞ்சு கடையில போயி நின்னா, "வெள்ளை டைல்ஸு"ன்னு சொல்றவனுக்குக் கடைக்காரன் நாப்பது வெள்ளையைக் காட்டுவான். டைல்ஸை அடுக்கிப் படுக்க வெக்காம விளிம்புல நிமித்தி வெய்யி. அவ்வளவுதான் டைல்ஸு. ஃபேனை அணைச்சுரு, கரண்டு பில்லாவது மிச்சமாகட்டும்.

இப்ப சிமெண்டுக்கு வருவோம். அது பொறந்த கதை தெரியுமா உனக்கு? சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில 1450 டிகிரி வரைக்கும் போட்டு வறுத்துக் கட்டியாக்கறாங்க. அப்புறம் கொஞ்சம் ஜிப்சம் சேத்து அரைக்கறாங்க. அவ்வளவு சூட்டுல இருந்த ஈரமெல்லாம் ஓடிப்போயி, அன்னியிலேர்ந்து அது தண்ணியைத் தேடிக்கிட்டே கெடக்கு. ஆத்துத் தண்ணிதான் வேணும், போர்த் தண்ணிதான் வேணும்னு அதுக்கு ராங்கி கெடையாது. மார்கழிப் பனி போதும். நீ காலங்காத்தால வெந்நீர்ல குளிக்கிறியே, அந்த ஆவி போதும்.

அரைக்கற நைசு அப்படி. சாதா போர்ட்லேண்டு சிமெண்டு ஒரு கிலோவுல இருக்கற தூளோட மேல்பரப்பை எல்லாம் கூட்டினா, கொறஞ்சது 225 சதுர மீட்டர் வரணும்னு நம்ம நாட்டு ஐ.எஸ். அளவு சொல்லுது. மூட்டை 50 கிலோ. பெருக்கிப் பாரு, 11,250 சதுர மீட்டர். ஏக்கராச் சொன்னா ரெண்டே முக்கால்! ரெண்டே முக்கால் ஏக்கர் வாழை வெச்சவன் நம்ம பக்கம் எப்படி இருப்பான்னு உனக்குத் தெரியும். ராத்திரி காத்து கொஞ்சம் ஒசந்து அடிச்சா எழுந்து உக்காந்துக்குவான். முட்டுக் குடுக்க மூங்கில் வாங்குவான், தார் எறங்கற வரைக்கும் சொந்தக்காரன் கல்யாணத்துக்குக்கூட ராத்தங்க மாட்டான். நீ அஞ்சு மூட்டை, கிட்டத்தட்ட பதினாலு ஏக்கரை, பாத்ரூம் ஓரத்துல வேலி போடாம விட்டுட்டு செல்லுல ரீல்ஸ் பாத்துக்கிட்டிருக்கே.

திருச்சியில இன்ஜினீயரிங் படிக்கிறானே என் பேரன், அவன் புஸ்தகத்துலயே இருக்கு. மூணு மாசம் சும்மா கெடந்தா சிமெண்டோட பலத்துல 20 சதவீதம் போயிருமாம். ஆறு மாசத்துல 30, ஒரு வருசத்துல 40, ரெண்டு வருசத்துல பாதி. வெக்கற எடத்தைப் பொறுத்துக் கூடும் கொறையும். வீடு கட்டறப்போ சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதம்னு நீ அழுத அழுகை ஊருக்கே தெரியும். 2025 செப்டம்பர் 22லேர்ந்து அதை 18 ஆக்கிட்டாங்க. காத்து போடற வரியைக் கொறைக்கத்தான் எந்த கவுன்சிலும் இல்ல.

மூட்டை மேல வாரக் கணக்கு அடிச்சிருக்கும், எத்தனாவது வாரம், எந்த வருசம்னு. உன் மூட்டையில நான் பாத்துட்டேன். இன்னும் மூணு மாசத்தைத் தாண்டலை. எதுக்குப் பாத்தேன்னு அப்புறம் சொல்றேன்.

எதையும் விடாம எடுத்துப் பதுக்கற இந்தக் கொணம் உன் குத்தமில்ல, உங்க தாத்தன் விட்டுட்டுப் போன சொத்து. அவர் வீடு கட்டினது சிமெண்டு கன்ட்ரோல்ல இருந்த காலம். தாலுக்கா ஆபீஸ்ல மனுப் போட்டு, நடையா நடந்து, பர்மிட்டு வாங்கினாத்தான் மூட்டையைக் கண்ணுல பாக்கலாம். பொண்ணு கெடைச்சு, நாள் குறிச்சு, மண்டபமும் பேசினவனுக்குப் பர்மிட்டு கெடைக்காம, மொட்டைச் சுவத்துக்கு நடுவுல பந்தல் போட்டுத் தாலி கட்டின கூத்தெல்லாம் உண்டு. ஒரு முதலமைச்சருக்கே நாற்காலி போச்சுன்னா பாத்துக்கயேன். மகாராஷ்டிரத்துல அந்துலே 1982 ஜனவரியில எறங்கினது, சிமெண்டு ஒதுக்கீட்டை ஒட்டி வந்த வழக்குல பம்பாய் ஹைகோர்ட்டு குடுத்த தீர்ப்புக்குப் பின்னாடிதான். அதே வருசம் பிப்ரவரி கடைசியில கட்டுப்பாட்டுல ஒரு பகுதியை எடுத்தாங்க, 1989 மார்ச்சுல மிச்சத்தையும் எடுத்தாங்க. அன்னிக்கு ஒரு மூட்டையை ஒளிச்சு வெச்சவன் வெவரமானவன். இன்னிக்குப் போன் போட்டா சாயங்காலத்துக்குள்ள கடைக்காரன் வாசல்ல எறக்கிட்டுப் போறான். கன்ட்ரோல் போயி முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு, உன் கை மட்டும் இன்னும் பர்மிட்டு காலத்துலயே பதுக்கிக்கிட்டிருக்கு.

அதுவும் என்ன, வெளிநாட்டுலேர்ந்து கப்பல்லயா வருது? நம்ம ஜில்லாவுலயே பொறக்கற சரக்கு. கெழக்கே கல்லக்குடியில 1939ல டால்மியா ஆலை வந்துச்சு. ஊருக்கும் டால்மியாபுரம்னு பேரை மாத்திட்டாங்க. அந்தப் பேரை எடுங்கடான்னுதான் 1953 ஜூலை 15ல கலைஞர் தண்டவாளத்துல படுத்தார். பேருக்கே அவ்வளவு பெரிய ரகளை நடந்த சரக்கை நீ ஒரு பக்கெட்டுக்கும் தொடைப்பத்துக்கும் நடுவுல உக்கார வெச்சிருக்கே.

சரி, திட்டினது போதும். எப்படி வெக்கணும்னு கேட்டுக்க. நான் சொன்னா கெழவன் ஒளர்றான்னுவே. அதுக்குன்னே அரசாங்கம் ஐ.எஸ். 4082னு ஒரு வழிமுறை போட்டு வெச்சிருக்கு. கட்டுமானச் சாமான் எதை எப்படி அடுக்கணும்னு அதுல இருக்கு. பெரிய சைட்டுக்குச் சொன்னதுதான், அஞ்சு மூட்டைக்கும் அதே நியாயம்தான். தரையிலேர்ந்து 150, 200 மில்லிமீட்டர் ஒசத்திப் பலகை மேல வெக்கணுமாம், நம்ம கணக்குல அரை அடிக்குச் சித்த மேல. வெளிச்சுவத்துலேர்ந்து ரெண்டடி தள்ளி இருக்கணும். பத்து மூட்டைக்கு மேல ஒசரம் போகக்கூடாது. போனா அடி மூட்டை பாரத்துலயே கட்டி தட்டிப் போகும். மதுரைகாளியம்மன் தேரையே தோள்ல தூக்கி வர்ற ஊருய்யா இது. அஞ்சு மூட்டையைத் தரையிலேர்ந்து அரை அடி தூக்க ஆள் இல்லேன்னா வெளியூர்க்காரன் சிரிக்க மாட்டானா?

தரை காஞ்சுதானே கெடக்குன்னு கால் கட்டைவிரலால தேய்ச்சுக் காட்டாதே. நம்ம ஊரு பூமி எது? தெக்கே காவேரி, ஊடால வாய்க்கால், சுத்தி வாழையும் வெத்தலையும். வானத்துலேர்ந்து ஒரு சொட்டு விழாட்டியும், மண்ணுலேர்ந்து ஈரம் மேல ஏறிக்கிட்டேதான் இருக்கும். டைல்ஸு ஏறவிடாது, சரிதான், அதோட சந்து விடும். பாத்ரூம் சுவரு அந்தப் பக்கம் குடிச்ச தண்ணியை இந்தப் பக்கம் வேர்த்து விடும். ரெண்டு வரிசை செங்கல்லை வெச்சு, அதும் மேல சென்ட்ரிங் பலகையைப் போட்டு, பலகைக்கு மேல தடிச்ச தார்ப்பாய் ஒண்ணை விரிச்சு மூட்டையை அடுக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, சந்து விடாம. அப்புறம் தார்ப்பாயோட நாலு முனையையும் மேல இழுத்து மூடிக் கட்டிரு.

சந்து விடாமன்னு சொன்னதும் உன் மூஞ்சி மாறுது. "காத்தோட்டமா இருக்கட்டும்னுதான் மாமா ஜன்னல் பக்கம் வெச்சேன்"னு சொல்லப் போறே. காத்தோட்டம் உனக்கும் எனக்கும் நல்லது, நெல்லுக்கு நல்லது, வெங்காயத்துக்கு ரொம்ப நல்லது. சிமெண்டுக்கு அதுதான் எமன். காத்துல வர்ற ஈரத்தைத்தான் அது தின்னுது. கதவைச் சாத்து, ஜன்னலைச் சாத்து, அது மூச்சு முட்டட்டும். முட்ட முட்டத்தான் அதுக்கு ஆயுசு.

"பிளாஸ்டிக்கு சாக்குதானே, எப்படி ஈரம் போகும்?" இதையும் நீ கேப்பே. அந்தக் காலத்துச் சணல் சாக்குக்கு இது தேவலைதான். ஆனா இதுவும் நெய்த சாக்குதான், தறியில ஓடினது. இழைக்கு இழை ஓட்டை உண்டு, வாயில தையல் ஓட்டை உண்டு. தண்ணியை ஊத்தினா வழிஞ்சு ஓடறதைப் பாத்துட்டு ஈரமும் ஓடிரும்னு நெனைக்காதே. ஈரம் ஊத்திக்கிட்டு வர்றதில்ல.

அஞ்சுல பிரிச்ச மூட்டை ஒண்ணு பாதியில இருக்கே, அதுதான் முதல்ல சாகப்போறது. மேஸ்திரி வாயைக் கயிறுல ஒரு சுத்துச் சுத்திட்டுப் போயிட்டான், அவன் ஜோலி முடிஞ்சுது. அதை ஓட்டையில்லாத தடிச்ச பாலித்தீன் பையில கொட்டி, பையை அமுக்கி உள்ள இருக்கற காத்தைப் பூராத் தொரத்தி, கழுத்தைத் திருகி மடக்கிக் கட்டி, மூடி இருக்கற பிளாஸ்டிக்கு டிரம்முல போடு. டிரம்மு மேல தேதியை எழுது. எழுதலேன்னா அடுத்த வருசம் "போன மாசம்தானே வெச்சோம்"னு நீயே சத்தியம் பண்ணுவே.

புட்டி, வெள்ளைச் சிமெண்டு, டைல்ஸு ஒட்டற பசைத்தூளு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸு, எல்லாத்துக்கும் இதே வைத்தியம்தான். ஆனா இதுல சிரிக்காம ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்க. காத்துப் புகாத டப்பா வேணும்னு அடுக்களையிலேர்ந்து மாவு டப்பாவை எடுத்து அதுல புட்டியைப் போட்டு வெக்காதே. வெள்ளைத் தூளும் வெள்ளைத் தூளும் ஒண்ணாத் தெரியும். கண்ணாடி இல்லாத உங்கம்மாவுக்கு ரெண்டும் பச்சரிசி மாவுதான். டைல்ஸு கழுவற ஆசிட்டைக் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்கே பாரு, அதை இன்னிக்கே அது வந்த பாட்டிலுக்கு மாத்து. பாட்டில் இல்லையா, கடையில விசாரிச்சு ஒழுங்கா ஒழிச்சுரு. வீட்டுல தவழ்ற புள்ள இருக்கு. தின்னரையும் டர்பன்டைனையும் சாமி ரூம் அலமாரிக்குக் கீழ வெச்சிருக்கே. மேல காமாட்சி விளக்கு எரியுது. அம்மனுக்குப் பொறுமை உண்டு, தின்னருக்குக் கெடையாது.

கம்பி எங்கடான்னு தேடினேன். அதை மட்டும் கொண்டுபோய்த் தோட்டத்து ரூம்ல போட்டிருக்கே, உர மூட்டைக்குப் பக்கத்துல. அதுவும் எந்த உரம்? வாழைக்கு வாங்கின பொட்டாஷு. மூரியேட் ஆஃப் பொட்டாஷுன்னா என்னன்னு நெனைச்சே, பொட்டாசியம் குளோரைடு, உப்போட ஒண்ணுவிட்ட அண்ணன். அது ஈரத்தை இழுத்து வெச்சுக்கிட்டுக் கம்பியைக் கடிக்கும். மழைக்காலம் ரெண்டு தாண்டினா கம்பியில பத்தை பத்தையா உரிஞ்சு வரும். மேலாப்ல பழுப்பாப் படற துருவுக்குப் பயப்பட வேண்டியதில்ல, சாக்கை வெச்சுத் தேய்ச்சா போயிரும். பத்தையா உரிஞ்சா அந்தக் கம்பி எடைக்குப் போட வேண்டியதுதான். தரைக்கு மேல கட்டை வெச்சு, கம்பியைப் படுக்கப் போடு. ரொம்ப நாள் கெடக்கும்னா அதுக்குச் சிமெண்டுப் பாலு அடிச்சு வெக்கச் சொல்லி அந்த ஐ.எஸ். வழிமுறையிலயே இருக்கு. பாத்தியா, மிச்சமான சிமெண்டு மிச்சமான கம்பியைக் காப்பாத்தும். நீ ரெண்டையும் ஊருக்கு ஒண்ணாப் பிரிச்சு வெச்சிருக்கே. கட்டுக்கம்பிச் சுருள்தான் முதல்ல துருப்புடிக்கும், அதுல பழைய இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் தடவிப் பையில போட்டு ஆணியில மாட்டு.

மரத்துக்கு மட்டும்தான் நீ ஆசைப்பட்ட காத்தோட்டம். பிளைவுட்டைச் சுவத்துல சாய்ச்சு வெச்சா வயிறு தள்ளிப் போகும். அப்புறம் அலமாரிக் கதவு சாத்தினா சாத்தாது. சமமாப் படுக்கப் போட்டு, கீழ ரீப்பர் குடு. தேக்கு, வேம்பு எதுவா இருந்தாலும் பலகைக்குப் பலகை நடுவுல ஒரு ரீப்பர் வெச்சு அடுக்கு, காத்து ஊடால போயிட்டு வரட்டும். மரத்தையும் சிமெண்டையும் ஒரே தார்ப்பாய்க்குள்ள சுருட்டி வெச்சா ஒண்ணு புழுங்கும், இன்னொண்ணு எறுகும். கரையானைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. போன வருசம் உன் அப்பாவோட பத்திரக் கட்டையே தின்னுட்டு ஏப்பம் விட்டுது. பிளாஸ்டிக்குப் பைப்புக்கு ஈரம் ஒண்ணும் பண்ணாது, வெயில்தான் ஆகாது. நீ மொட்டைமாடியில போட்டிருக்கே. உள்ள இருக்க வேண்டியதுக்கு வெயிலு, வெளிய கெடக்கலாம்ங்கறதுக்கு ஃபேனு! பெயிண்டு அரை டப்பாவா இருந்தா சின்ன டப்பாவுல நெறைய ஊத்தி, மூடியைக் கட்டையால தட்டி இறுக்கி, நிழல்ல வெய்யி. கலர் நம்பரை மூடி மேலயே எழுது.

செங்கல்லும் ஜல்லியும் வெளிய கெடக்கட்டும், நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. ஆனா வாழைத்தோட்டத்தை ஒட்டிச் செங்கல்லைக் குவிச்சு வெச்சா அங்க யாரு குடி வருவாங்கன்னு உனக்கே தெரியும். வாடகை குடுக்க மாட்டான், எழுப்பினா சீறுவான். செவுத்தை ஒட்டாமத் தள்ளி வரிசையா அடுக்கு. எடுக்கப் போறப்போ கையை விடாம முதல்ல குச்சியை விட்டுத் தட்டு. வெளிய போடற தார்ப்பாயைப் பள்ளம் இல்லாம இழுத்துக் கட்டு. மடிப்புல நிக்கற கொஞ்சூண்டு தண்ணி போதும், ஒரு வாரம் பத்து நாளுல அங்கேர்ந்து டெங்குக் கொசு கிளம்பி வந்து, சிமெண்டை விட்டுட்டு உன்னைப் பதம் பாக்கும். அப்புறம் ஒண்ணு, தார்ப்பாயை மேல மட்டும் போத்திட்டுக் கீழ மண்ணுத் தரையை விட்டுட்டா காலையில தூக்கிப் பாரு, உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கும். மண்ணு விட்ட மூச்சு அது. மழை நனைக்கலேன்னு நீ சந்தோசமா இருப்பே.

பர்மிட்டு காலத்துக்கும் முன்னாடி இந்தத் தலைவலியே கெடையாது, ஏன்னா அப்ப சரக்கு சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக்கல்லை வீட்டுல வெச்சுக்கக் கூடாது. ஈரம் பட்டா கொதிக்கும், பக்கத்துல வைக்கோல் இருந்தா அதையும் சேத்துக் கொளுத்திரும், கண்ணுல தெறிச்சா கண்ணு போகும். அதனால வந்த கையோட குழியில போட்டுத் தண்ணி ஊத்தி நீத்திருவாங்க. நீத்தின சுண்ணாம்பைத் தண்ணிக்குள்ளயே விட்டு வெச்சா மாசக்கணக்கா, வருசக்கணக்காக் கெடக்கும், கெடக்கக் கெடக்க வெண்ணெயாத்தான் ஆகும். அது தண்ணிக்குள்ள இருந்து வாழும், இது தண்ணியோட வாடை பட்டாலே செத்துரும். பாட்டன் பூட்டன் தண்ணிக்குள்ள வெச்சான்னு நீயும் தண்ணி ஓரமா வெச்சிருக்கே போல. பாரம்பரியத்தை மதிக்கிற புள்ள.

மிச்சத்தை வெச்சா நானூறு வருசம் நிக்கணும் மாமான்னு உனக்கு ஆசை இருந்தா, அதுக்கும் நம்ம பக்கத்துலயே வழி இருக்கு. ஸ்ரீரங்கத்துத் தெக்கு வாசல்ல பாத்தியா, ராயர் காலத்துல தொடங்கின கோபுரம் அடித்தளத்தோட நின்னு போச்சு. சுமார் நானூறு வருசம் அது மொட்டைக் கோபுரம்தான். வெயிலு, மழை, காவேரி வெள்ளம், கொள்ளிடத்து வெள்ளம் எல்லாம் பாத்துச்சு. 1979ல அகோபில மடம் ஜீயர் வேலையை எடுத்தப்போ, அந்தப் பழைய கல்லு மேலதான் ஏத்தினாங்க. 13 நிலை, 236 அடி, 1987 மார்ச்சு 25ல கும்பாபிஷேகம். நடுவுல நானூறு வருசம் அதுக்கு யாரும் தார்ப்பாய் போத்தலை. ஏன்னா ராயர் விட்டுட்டுப் போனது கருங்கல்லு. அவர் மட்டும் அஞ்சு மூட்டை சிமெண்டை விட்டுட்டுப் போயிருந்தா ஜீயருக்கு உக்கார அஞ்சு திண்டு கெடைச்சிருக்கும், கோபுரம் கெடைச்சிருக்காது.

சிரிக்காதே, நம்ம தெருவுல சுத்திப் பாரு. மோட்டார் கொட்டாய் வாசப்படியா ரெண்டு, வாய்க்கால்ல துணி தொவைக்கற கல்லா ஒண்ணு, மாட்டைக் கட்டற மொளைக்கு முட்டா ஒண்ணு. சாக்கோட சுருக்கம்கூட மாறாமக் கல்லாப் போன மூட்டைங்க. ஒவ்வொண்ணும் எவனோ "இருக்கட்டும், ஆகும்"னு எடுத்து வெச்சதுதான். ஆச்சுதே!

உன்னுது எந்த நெலைன்னு பாக்கறதுக்கு லேபு வேண்டாம். பிரிச்ச மூட்டைக்குள்ள கையை விட்டா சில்லுன்னு இருக்கணும். ரெண்டு விரல்ல எடுத்துத் தேய்ச்சா நறநறன்னு இல்லாம வழுவழுன்னு இருக்கணும். ஒரு பிடியைத் தண்ணியில தூவினா சித்த நேரம் மெதந்துட்டுத்தான் முழுகணும். கட்டி இருந்தா விரல்ல நசுக்கு. நசுங்கினா சலிச்சுட்டுச் சில்லறை வேலைக்கு வெச்சுக்கலாம், தொவைக்கற கல்லுக்கு அடியில போட, எலி வளையை அடைக்க, மாட்டுக் கொட்டாய்த் தரைக்கு. தூணுக்கும் கூரைக்கும் தண்ணித் தொட்டிக்கும் அந்தச் சிமெண்டை எவனாவது போடலாம்னு சொன்னா அவனுக்குப் பொண்ணு குடுக்காதே. நசுங்கலேன்னா அது கல்லு, நம்ம தெருக் கணக்குல சேந்துரும். பாத்துட்டுக் கையைச் சும்மா தொடைச்சுட்டு விட்டுராதே, தோலைப் புண்ணாக்கிரும். நல்ல தண்ணியில கழுவு.

இப்ப சொல்றேன், வாரக் கணக்கை எதுக்குப் பாத்தேன்னு. பிரிக்காத மூட்டையைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானான்னு போன் போட்டுக் கேக்கலாம், சில பேரு சீக்கிரம் சொன்னா எடுத்துக்குவாங்க. உன் கடைக்காரன் மாட்டேன்னு சொல்லிட்டான். எனக்கெப்படித் தெரியும்கறியா? நேத்தே நான் கேட்டுட்டேன். அதனால காம்பவுண்டு சுவரு கீறல் விட்டா பூசறதுக்குப் பிரிச்ச மூட்டையை நீ டிரம்முல வெச்சுக்க. மிச்சம் நாலு மூட்டை நல்ல மூட்டை, மூணு மாசம் தாண்டாத மூட்டை. பழசானா மாட்டுக் கொட்டாய்த் தரைக்குத்தான் ஆகும்னு சொன்னேன்ல? பழசாகறதுக்கு முன்னாடியே போட்டுட்டா அந்தத் தரை இன்னும் நல்லா நிக்கும். என் கொட்டாயில தரை பேந்து, செவலைப் பசு காலை ஊன முடியாம நிக்குது. நாளைக்கு விடியக்காலம் டிராக்டரை அனுப்பறேன். ஏத்தி விட ரெண்டு பேரையும், டீசலுக்குக் காசையும் மட்டும் நீ பாத்துக்க மாப்ள.